ஓரம் வெட்டிய மாத்திரைகள்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: அம்மா. அக்கா. அக்காவின் கணவர்; பூட்டு வேலை செய்பவர், நான் மாமா என்று கூப்பிடுவேன். நான். சாப்பாட்டு மேசை மேல் ஒரு பிஸ்கட் டப்பா. கடைசியில் போனில் ஒரு பெண்ணின் குரல். அவளையும் இருந்தவர்களில் ஒருத்தியாகவே சேர்த்துக்கொள்கிறேன்.

மணி பகல் பன்னிரண்டே முக்கால். மாமா இரண்டு மணிக்கு வேலை இடத்தில் நிற்க வேண்டும். புதிதாகக் கட்டிய குடியிருப்பில் அறுபத்திரண்டு கதவுகளுக்குப் பூட்டு மாட்டும் வேலை. அதுவரை சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்களுக்குக் கதவு திறந்துகொடுத்தே காலம் தள்ளியவருக்கு முதல் முறையாக விழுந்த பெரிய வேலை. இன்று சாயங்காலத்துக்குள் கடைசி மாடி முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று அங்கிருந்த சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

மாமாவுக்கு நான்கு நாளாகப் பல்வலி. இடது பக்கம், கீழே, கடைசிக்கு முந்தின பல். பல் டாக்டர் நாளை மறுநாள்தான் நேரம் கொடுத்திருந்தார். அதுவரை வீட்டிலேயே சமாளித்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஏழு வாரத்துக்கு முன்பு வரை ஒரு மருத்துவ ஆலோசனை எண்ணில் இரவு ஷிஃப்ட் பார்த்தவன். அவசரமில்லாத கோளாறுகளுக்கு ஜனங்கள் கூப்பிடும் எண் அது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காதுக்குள் போன பூச்சி. திரையில் வரும் கேள்வியைப் படிப்பேன், பதிலைத் தட்டுவேன், கடைசியில் திரை ஒரு நிறம் காட்டும். பச்சை என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் என்றால் டாக்டரிடம் போங்கள். சிவப்பு என்றால் இப்போதே கிளம்புங்கள். ஓர் அழைப்புக்கு ஆறு நிமிடம். அதைத் தாண்டினால் மேலாளர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். படிப்பைப் பாதியில் விட்டவன் வேலையையும் பாதியில் விட்டுவிட்டான் என்று அக்கா தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லி முடித்தாகிவிட்டது.

ஆனாலும் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் கேட்பது என்னைத்தான். முதல் நாள் மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, "பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு நாள் பொறுத்துக்கங்க மாமா" என்றேன். "அது முடிஞ்சா உன்ன ஏன்டா கேக்கறேன்?" என்றார். பிறகு ஒழுங்காகவே சொன்னேன். வெள்ளை மாத்திரை, தடவைக்கு இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடவே கூடாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. அவர் அளவு பிசகாத ஆள். போனில் அலாரம் வைத்துக்கொண்டு விழுங்கினார்.

பன்னிரண்டே முக்காலுக்கு அவர் குளியலறையிலிருந்து வெளியே வந்தார். குழாயைத் திறந்துவிட்டிருந்தும் வாந்தி எடுத்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டிருந்தது.

"என்னங்க, மறுபடியுமா?" என்றாள் அக்கா.

"வெறும் வயித்துல காப்பி குடிச்சேன். வேற ஒண்ணுமில்ல."

"காலைல இருந்து இது ரெண்டாவது தடவை."

"எண்ணிக்கிட்டா உக்காந்திருக்க? போய் என் பைய எடுத்துட்டு வா."

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். ஒரு தம்ளர் தண்ணீரை மேசையில் வைத்தாள். பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

மாமா அதை எடுத்து வாயில் போட்டு விழுங்கினார். அது வெள்ளை இல்லை. மஞ்சள்.

"மாமா, அது என்ன மாத்திரை?"

"தெரியலயே. அத்தை வெச்சாங்க."

"எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"அத்தை கிட்ட போய் எதுக்குன்னு கேப்பாங்களாடா? சளிக்கா இருக்கும். மூக்கு ஒழுகிட்டுத்தான இருக்கு."

எங்கள் வீட்டில் இது இப்படித்தான். அம்மா மருமகன் முன்னால் நின்று உடம்புக்கு என்ன என்று கேட்க மாட்டாள். அவரும் இன்னது என்று சொல்ல மாட்டார். அவர் இருமினால், தும்மினால், நாற்காலியிலிருந்து எழும்போது இடுப்பில் கை வைத்தால், கொஞ்ச நேரத்தில் தம்ளருக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை இருக்கும். அவர் எடுத்துப் போட்டுக்கொள்வார். அவளுக்கு அது அக்கறை, அவருக்கு அது மரியாதை. பதினோரு வருடத்தில் இருவருக்கும் ஒரு வார்த்தை தடித்தது கிடையாது.

"எத்தனை தடவ வைக்கிறாங்க?"

"சாப்பாட்டுக்கு ஒண்ணு. ராத்திரி ரெண்டு, அது வேற, சிவப்பு. நல்லா தூக்கம் வருது."

"எத்தனை நாளா?"

"இந்தச் சளி புடிச்சதுல இருந்து. பல்லும் சளியும் ஒண்ணாத்தான் வந்துச்சு, ஜோடியா." குனிந்து கட்டிலுக்கு அடியில் ஷூவைத் தேடினார். "கால் சென்டர் டாக்டரே, விசாரணைய சாயங்காலம் வெச்சுக்க. எனக்கு நேரமாகுது."

டப்பாவைத் திறந்தேன்.

அம்மா மாத்திரை அட்டைகளை முழுசாக வைக்க மாட்டாள். ஒருமுறை அட்டையின் முனை அவள் விரலைக் கிழித்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாக வெட்டி, ஓரத்தையும் கத்தரியால் வட்டமாகச் சீவி, நிறம் வாரியாகச் சின்னக் கிண்ணங்களில் பிரித்து டப்பாவுக்குள் வைப்பாள். பார்க்க அழகாக இருக்கும். பின்பக்கம் அச்சடித்திருந்த பெயர் மட்டும் எங்கேயோ போயிருக்கும். ஒன்றில் ஓர் எழுத்து, இன்னொன்றில் அரை எண். வெள்ளை எது என்று எனக்குத் தெரியும். மற்ற இரண்டும் தெரியவில்லை.

"அம்மா, இந்த மஞ்சளும் சிவப்பும் என்ன மாத்திரை?"

"மஞ்சள் சளிக்கு. சிவப்பு உடம்பு வலிக்கு."

"பேரு?"

"பேரு எதுக்குடா? கல்யாணப் பத்திரிகையா அடிக்கப் போறோம்?"

"அது இருந்த பெட்டி எங்க?"

"பழைய பேப்பரோட போட்டாச்சு."

அக்காதான், "இரு இரு" என்றாள். "வாங்கினப்ப நான் படம் புடிச்சு வெச்சேன். தீர்ந்தா இதையே வாங்கணும்னு அம்மா சொல்லுச்சு." போனை எடுத்துத் தேடினாள். மளிகைப் பட்டியல்களுக்கும் துணிக்கடைப் படங்களுக்கும் நடுவில் அது இருந்தது. மேசையில் வரிசையாக மூன்று பெட்டிகள், மூன்று நிறம், மூன்று பெயர்.

விரலால் பெரிதாக்கினேன். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் எறும்பு ஊர்வதுபோலச் சின்ன எழுத்துகள். வெள்ளையில் பாரசிட்டமால் ஐந்நூறு. மஞ்சளிலும் பாரசிட்டமால் ஐந்நூறு, கூடவே சளிக்கு ஏதோ ஒன்று. சிவப்பில் பாரசிட்டமால் அறுநூற்றைம்பது, கூடவே வேறு ஏதோ.

மூன்றும் ஒன்றுதான். ஒரு நாளைக்கு நாலாயிரம் மில்லிகிராம் எல்லை. அந்த எல்லையை வெள்ளை மாத்திரையாலேயே நான் நிரப்பிக் கொடுத்திருந்தேன். அதற்கு மேல் அம்மா வைத்தது எல்லாம் வழிந்தது. தினமும் ஏறக்குறைய ஏழாயிரம். நான்கு நாள்.

ஆலோசனை எண்ணின் வழிமுறையில் ஒரு கேள்வி உண்டு. எந்த மாத்திரையைச் சொல்வதற்கு முன்னாலும் கேட்க வேண்டியது. வேறு ஏதாவது கோளாறுக்கு வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா? முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன். சொந்த அக்கா புருஷனிடம் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், தெரியாமலா போகும் என்ற நினைப்பு.

"மாமா, ஷூவைக் கழட்டுங்க. வேலைக்குப் போக வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"பல்வலிக்கு ஆஸ்பத்திரியா?"

"பல்லுக்கு இல்ல. ஈரலுக்கு."

அவர் சிரித்தார். "ஈரல் ஒண்ணும் வலிக்கலயே."

"வலிக்காது. அதான் சிக்கலே. ஒரு நாள், ரெண்டு நாள் ஒண்ணுமே தெரியாது. வாந்தி வரும், காப்பின்னு நெனச்சுக்குவீங்க. நல்லாத் தெரியறப்ப ஈரல் கெட்டுப் போயிருக்கும்."

படத்தை அவருக்குக் காட்டினேன். மூன்று இடத்திலும் விரலை வைத்துக் காட்டினேன். அக்கா எட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சமையலறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"அம்மா! என்ன பண்ணி வெச்சிருக்க நீ?"

"நான் என்னடி பண்ணேன்?"

"ஒரே மருந்த மூணு நெறத்துல குடுத்திருக்க!"

"எப்பவாவது ஒண்ணு வெச்சேன். சளியா இருக்கேன்னு. ஒண்ணோ ரெண்டோ." அம்மா வந்து டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். "நாலு நாள்ல மொத்தமே ரெண்டுதான் இருக்கும்."

அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். நான் ஏதாவது சொல்வதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"ஆமாடா, ரெண்டோ மூணோதான். நான்தான் வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். அத்தைய ஏன் கேள்வி கேக்கறீங்க?"

அவருக்கு இதில் இரட்டை லாபம். மாமியார் மானம் காப்பாற்றப்படும், வேலைக்கும் போய்விடலாம். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தாவது காலி உறைகளை எண்ணிக் காட்டலாம் என்று போனேன். காலையிலேயே குப்பை வண்டி வந்து போயிருந்தது.

மணி ஒன்று ஐந்து.

"சரி, ஒண்ணு பண்ணலாம்" என்றார் மாமா, ஷூ நாடாவை இழுத்துக்கொண்டே. "உன் நம்பருக்கே போடு. நீ வேலை பார்த்த எடம்தான? அவங்க வீட்லயே இருன்னு சொன்னா நான் கெளம்பறேன். ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னா மறு பேச்சு பேசாம வர்றேன். ஆனா நான்தான் பேசுவேன்."

நோயாளி பேசும் நிலையில் இருந்தால் நோயாளியிடம்தான் பேசுவார்கள். அதுவும் விதி. மறுக்க வழியில்லை. எண்ணைப் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, அவரிடம் கொடுத்தேன்.

பதினொரு நிமிடம் காத்திருப்பு இசை. இரவில் இரண்டு நிமிடம்தான் இருக்கும், பகலில் கூட்டம். மாமா இரண்டாவது ஷூவையும் போட்டு முடித்தார். பையைத் திறந்து திருப்புளி, துளைக்கருவி, சாவிக்கொத்து எல்லாம் சரிபார்த்தார். நெற்றியில் வியர்த்திருந்தது. அக்கா துண்டை நீட்டினாள். வாங்கிக்கொள்ளவில்லை. அம்மா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

குரல் வந்தது. இளம் பெண். எனக்குத் தெரியாதவள். பின்னணியில் விசைப்பலகை தட்டும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

மூச்சுத் திணறல் உண்டா, நெஞ்சு வலி உண்டா, வாயைத் திறக்க முடிகிறதா, முகம் வீங்கியிருக்கிறதா? இல்லை, இல்லை, முடிகிறது, இல்லை.

"வலிக்கு என்ன எடுத்துக்கறீங்க சார்?"

"பாரசிட்டமால். ஒரு நாளைக்கு எட்டு. எங்க வீட்டு டாக்டர் சொன்ன அளவு." என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"அது இல்லாம சளி, காய்ச்சல், உடம்பு வலின்னு வேற ஏதாவது மாத்திரை?"

அவள் கேட்டுவிட்டாள். நான் கேட்காததைக் கேட்டுவிட்டாள்.

"இல்லம்மா. ஒண்ணு போட்டேன். அதுவும் முந்தாநாள்."

"வாந்தி, வயித்து வலி, கண்ணு மஞ்சளா இருக்கறது?"

"ஒண்ணும் இல்ல."

நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். மாமா போனைத் தூக்கி எனக்குக் காட்டினார். அவருடைய கட்டை விரல் அழைப்பைத் துண்டிக்கும் பொத்தானுக்கு மேல் நின்றது. நான் வாயைத் திறந்தால் விரல் இறங்கும். மறுபடி பதினொரு நிமிடம் காத்திருக்க அவர் இங்கே இருக்க மாட்டார். அக்கா வாயைத் திறந்தாள். அவர் ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டாள்.

மேசைக் கடிகாரத்தைப் பார்த்தேன். பேச்சு தொடங்கி ஐந்தரை நிமிடம். அந்தப் பக்கத்துத் திரை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பச்சைக்கு இன்னும் ஒரே தட்டல்.

"சார், கடைசியா ஒண்ணு. உங்க கூட இப்ப வீட்ல யாராவது இருக்காங்களா? மருந்து எடுத்துக் குடுக்கறவங்க யாராவது? அவங்க ஏதாவது சொல்லணும்னு நெனைக்கறாங்களா?"

அந்தக் கேள்வி திரையின் அடியில் சாம்பல் நிறத்தில் இருக்கும். கட்டாயம் இல்லை. கேட்டால் யாராவது ஒருவர் வந்து முதலிலிருந்து கதை சொல்வார். ஆறு நிமிடம் எட்டு ஆகும். பதினான்கு மாதத்தில் நான் அதைக் கேட்டது இரண்டு தடவையோ மூன்று தடவையோ. கேட்காமல் பச்சை காட்டி அனுப்பிய அழைப்புகளில் யாருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அது தாங்காமல்தான் ஒரு விடியற்காலையில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அக்காவிடம் இதைச் சொன்னதில்லை.

"யாரும் இல்லம்மா" என்றார் மாமா. "நான் தனியாத்தான்..."

"நான் இருக்கேன்."

அம்மா எழுந்து வந்திருந்தாள். அவர் பேசும்போது நடுவில் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை. போனுக்கு அருகில் குனிந்து, தெருவின் மறுமுனையில் நிற்பவளைக் கூப்பிடுவதுபோல உரக்கப் பேசினாள்.

"நான் மாமியார் பேசறேன்மா. மாத்திரை வைக்கறது நான்தான். மஞ்சள் வேளைக்கு ஒண்ணு, மூணு வேளை. சிவப்பு ராத்திரி ரெண்டு. நாலு நாளாச்சு. இப்ப கூட அரை மணி நேரம் முந்தி ஒரு மஞ்சள் வெச்சேன். காலைல இருந்து ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டாரு. எம் மருமகன் ரொம்ப நல்லவரு. ஆனா இப்ப பொய் சொல்றாரு."

நான் மாமாவின் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்கவில்லை. மாமியார் பேசிக்கொண்டிருக்கும்போது போனைத் துண்டிக்க அவரால் முடியவில்லை. பதினோரு வருடத்துப் பழக்கம்.

"அந்த மாத்திரைங்கள்ல என்ன மருந்து இருக்குன்னு யாராவது படிக்க முடியுமா?" என்றாள் போனில் இருந்தவள்.

அக்காவின் போனில் இருந்த படத்தைப் பார்த்துப் படித்தேன். ஒவ்வொன்றாக, எண்ணோடு. விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"சார், நீங்க இப்பவே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகணும். நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் போகணும். ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. இதுக்கு மருந்து இருக்கு, எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கறாங்களோ அவ்வளவு நல்லது. இனி எந்த மாத்திரையும் போடாதீங்க. வீட்ல இருக்கற மாத்திரை எல்லாத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க."

ஏழு நிமிடத்தைத் தாண்டிவிட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் யாராவது வந்து நின்றிருப்பார்கள்.

மாமா போனை மேசையில் வைத்தார்.

"பதினோரு கதவு பாக்கி இருக்கு, அத்தை."

"கதவுக்குக் காலா இருக்கு, எழுந்து ஓடறதுக்கு? கெளம்புங்க மாப்பிள்ளை."

அவர் சிரிக்கப் பார்த்தார். பல் வலித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

வாடகைக் காரில் கிளம்பினோம். ஒருமுறை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து ரோட்டோரம் வாந்தி எடுத்தார். இந்த முறை காப்பி என்று சொல்லவில்லை.

அவசரப் பிரிவில் ஓர் ஆண் நர்ஸ் இருந்தார். சட்டைப் பையில் நான்கு பேனா, ஒன்றும் எழுதவில்லை போல, ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தார். பல்வலி என்றதும் சலிப்போடு நிமிர்ந்தார். நான் எண்களைச் சொல்லச் சொல்ல உதறுவதை நிறுத்தினார். சக்கர நாற்காலியைக் காலால் இழுத்து மாமாவை உட்கார வைத்தார்.

"மருந்து குடுத்தது யாரு?"

"நான்தான் எட்டு வெள்ளை போடச் சொன்னேன்" என்றேன். "நான் ஆலோசனை எண்ல வேலை பார்த்தவன். என்ன ஆச்சுன்னா..."

"நீங்க கைல எடுத்துக் குடுத்தீங்களா? எந்த மாத்திரை, எந்த நேரம், கடைசியா எப்போ, தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.

அம்மா டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். நர்ஸ் அதைத் திறந்தார். வட்டமாகச் சீவிய மாத்திரைகள், நிறம் வாரியாக. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பெயர் இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை.

"யாரும்மா இதை இப்படி வெட்டினது?"

"நான்தான் தம்பி."

அவர் ஏதோ கடுமையாகச் சொல்ல வாயெடுத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். "நீங்க உள்ள வாங்க. டாக்டர் கேப்பாரு, நாலு நாளும் எப்ப எப்ப வெச்சீங்கன்னு மணிவாரியாச் சொல்லணும். மத்தவங்க வெளியில இருங்க."

"பிழைச்சுக்குவாரா?" என்றாள் அக்கா. நான் கேட்காமல் இருந்த கேள்வி.

"வந்தது நல்லது. நேரத்துல வந்தீங்களான்னு ரத்தம்தான் சொல்லும்."

மாமா தோளிலிருந்த பையை என்னிடம் கொடுத்தார். சாவிக்கொத்து உள்ளே குலுங்கியது. "சூப்பர்வைசருக்குப் போன் பண்ணி உள்ளத உள்ளபடி சொல்லிடு, மச்சான்." பிறகு எதிரிலிருந்த கனமான கதவை, அதன் மேல் ஓரத்தில் இருந்த பட்டையை, பழக்க தோஷத்தில் அண்ணாந்து பார்த்தார். "காந்தப் பூட்டு. நல்லா மாட்டியிருக்கான். வெளியில இருந்து யாராலயும் தொறக்க முடியாது."

நர்ஸ் சுவரில் இருந்த கருவியில் தன் அடையாள அட்டையைத் தேய்த்தார். கதவு திறந்தது. நாற்காலி உள்ளே போனது. பின்னாலேயே அம்மா, டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் மணிக் கணக்கை முணுமுணுத்துக்கொண்டு போனாள். முதல் நாள் காலை எட்டரை, மஞ்சள். மத்தியானம் ஒன்று, மஞ்சள். அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவு அவளுக்குப் பின்னால் மூடியது. பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.